நேர்காணலில் கேட்ட மூன்று வெளிக்குரல்கள் குறித்த விளக்கம்

நொண்டிக்குதிரை மாட்டுப்பண்ணை,
பார்க்லி மேட்டுநிலம், வடக்குப் பிரதேசம்.
புதன்கிழமை, தபால் விமானம் வருவதற்கு முன்.

பெறுநர்: திருமதி ஆட்ரி பெங்கெல்லி, செயலாளர், அராஃபுரா பள்ளி மாணவர் மொழிக்கல்வி உதவித்தொகைக் குழு, டார்வின்.

மதிப்புக்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவி லொரெலும் மகள் டீகனும் நாலாயிரத்து இருநூறு மாடுகளும் சுகம். அதில் முப்பது மாடுகள் இப்போது எங்கே நிற்கின்றன என்று எனக்குத் தெரியாததால் அவற்றின் சுகத்துக்கு மட்டும் உத்தரவாதம் தர முடியாது. அதற்கான காரணம் கீழே வரும். தாங்களும் தங்கள் குழுவினரும் நல்ல உடல்நிலையோடும், இதை வாசிக்கும் நேரத்தில் நல்ல மனநிலையோடும் இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

போன வாரத் தபாலில் தங்கள் கடிதம் கிடைத்தது. என் மகளின் நேர்காணலில் வெளியார் குரல் மூன்று முறை கேட்டது என்றும், அதில் ஒரு குரல் இந்தோனேசிய மொழியிலேயே அவளுக்குப் பதில் எடுத்துக் கொடுத்தது என்றும், பெற்றோர் கையெழுத்திட்ட விளக்கம் இருபதாம் தேதிக்குள் வந்து சேராவிட்டால் அவள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பிரதேசம் முழுமைக்கும் இருப்பது ஒரே ஓர் இடம். இந்தோனேசியாவின் மலாங் நகரத்தில் பத்து மாதப் பள்ளிப் படிப்பு. டீகன் ஒன்பது வயதிலிருந்து இந்த மொழியைத் தொலைதூரப் பள்ளியில், எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஓர் ஆசிரியையின் குரலை மட்டும் கேட்டுக் கேட்டுப் படித்தவள். இப்போது பதினாறு வயது. இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குற்றவாளி எங்கள் நாய்.

நாய் வரும் இடத்துக்கு முன்னால் சில சங்கதிகள் இருக்கின்றன. நேர்காணல் காலை பத்து மணிக்கு. எங்கள் வீட்டு இன்டர்நெட் சாட்டிலைட் தட்டு வழியாக வருகிறது. தட்டு கொல்லைப்புறத்தில் ஒரு கம்பத்தின் மேல் இருக்கிறது. எட்டு மணிக்கு டீகன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது, அவளே புட்டிப்பால் கொடுத்து வளர்த்த காளைமாடு ஒன்று அந்தக் கம்பத்தில் முதுகைச் சொறிந்துகொண்டது. கன்றாக இருந்தபோது அது முயல் அளவு இருந்தது. இப்போது அறுநூறு கிலோ. தட்டு வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கோழிக்கூண்டைப் பார்க்க ஆரம்பித்தது. நான் ஏணி போட்டு ஏறி, ஸ்பேனரால் முடுக்கி (இது கருவி, நாயின் பெயரும் ஸ்பேனர்தான், குழப்பிக்கொள்ள வேண்டாம்), ஒன்றும் சரிப்படாமல், கடைசியில் டெலிபோன் மேட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தோம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அது. இருபத்திரண்டு கிலோமீட்டர், ஏழு கேட்.

கேட் விஷயம் தங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓட்டுகிறவர் ஓட்டுவார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்து, வண்டி போனதும் மூடிவிட்டு ஏறுவார். யாராக இருந்தாலும் இதுதான். ஒரு தடவை மந்திரி ஒருத்தர் வந்தார், அவரும் இறங்கித் திறந்தார். முதல் கேட்டில் டீகன், "அப்பா, இன்னிக்கு ஒரு நாள் நீங்க இறங்குங்களேன். வெள்ளைச் சட்டை போட்டிருக்கேன்," என்றாள். "ஓட்டுறவன் இறங்குறது என்ன பழக்கம்?" என்றேன் நான். அவள் இறங்கித் திறந்தாள். நாலாவது கேட்டுக்குள் சட்டை செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது, முகத்தில் பவுடர் போட்ட மாதிரி ஒரு பூச்சு. அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "நல்லா இருக்கு," என்று மட்டும் சொன்னாள். அந்தத் தொனி அவள் அம்மாவுடையது. மிச்ச மூன்று கேட்டையும் நான்தான் இறங்கித் திறந்தேன். இதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மேட்டின் மேல் ஒரு மரம் கிடையாது. வெயில் முப்பத்தாறு டிகிரி. நேர்காணல் நடக்கும் அறையில் பெற்றோர் இருக்கக் கூடாது என்று தங்கள் விதியில் இருக்கிறது. வண்டி ஓர் அறை அல்ல என்பதால் நான் ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்தேன். டீகன் கைப்பேசியை முன்கண்ணாடி ஓரம் சாய்த்து வைத்துக்கொண்டாள். நான் திரையில் தெரியாதபடி கதவோரம் ஒட்டி உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் நடுவில், இருக்கையின் மேல், ஸ்பேனர்.

இப்போது ரேடியோ. எங்கள் பக்கம் எல்லா வண்டியிலும் ஒரு ரேடியோ இருக்கும், அதில் சுருள் ஒயரோடு ஒரு மைக் தொங்கும். மைக்கின் பக்கவாட்டில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நாம் பேசுவது சுற்றிலும் நூறு கிலோமீட்டர் வரை எல்லா வண்டிக்கும் எல்லா வீட்டுக்கும் கேட்கும். விட்டுவிட்டால் அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. அதை ஏன் அணைத்து வைக்கவில்லை என்று தாங்கள் கேட்பீர்கள், டார்வினில் இருக்கிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். அம்மா, அன்றைக்கு மாடு திரட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. மேலே ஹெலிகாப்டர், கீழே பைக்கில் ஐந்து பேர், ரோட்டில் மூன்று ட்ரெய்லர் கட்டின லாரி. ஒருத்தன் விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் அந்த ரேடியோவில்தான் கூப்பிடுவான். நாங்கள் கல்யாணத்துக்குப் போனாலும் அதை அணைப்பதில்லை. எங்கள் கல்யாணத்தன்றும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, போட்டோவில் பாதிரியார் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

ஆக, மைக் இருக்கையில் கிடந்தது. நாய் அதன் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. நாய் தாடையை வைத்தால் ஊருக்கு நாங்கள் பேசுவது கேட்கும், தூக்கினால் ஊர் பேசுவது எங்களுக்குக் கேட்கும். நடந்தது முழுக்க இவ்வளவுதான். டீகன் பேசும்போதெல்லாம் நாய் அசையாமல் கிடந்தது. அவள் பேசி முடித்ததும் தலையைத் தூக்கியது. இதில் ஏதோ திட்டம் இருப்பதாகத் தங்களுக்குத் தோன்றலாம். அந்த நாய்க்கு அவ்வளவு அறிவு கிடையாது.

நேர்காணல் செய்தவர்கள் இருவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திரு. ஸ்ட்ரிக்லண்ட் ஒருவர், மலாங்கிலிருந்து வந்து டார்வினில் இருக்கும் இபு வுலண்டாரி என்ற அம்மையார் ஒருவர். ஸ்ட்ரிக்லண்ட் முதலில், "இத்தனை மொழி இருக்க, எதுக்கும்மா இந்தோனேசிய மொழி?" என்று கேட்டார். நான் வண்டியில் வரும்போது அவளுக்கு ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தேன், வணிகம், எதிர்காலம், அண்டை நாட்டு நல்லுறவு என்று. அவள் அதில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "எங்க மாடெல்லாம் வருஷா வருஷம் கப்பல் ஏறி அங்கதான் போகுது சார். அதை வாங்குறவங்க யாரு, வீட்ல என்ன பேசிக்குவாங்க, எதுக்குச் சிரிப்பாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது. எங்க மாட்டுக்குத் தெரிஞ்ச ஊரு எனக்குத் தெரியலைங்கிறது கொஞ்சம் அசிங்கமா இருக்கு," என்றாள். ஸ்ட்ரிக்லண்ட் பேனாவை எடுத்தார். நாய் தலையைத் தூக்கியது. உடனே ரேடியோவில், "சபாஷ். நல்லா சொன்னா பாரு. மெர்வ், உன் பொண்ணு பேசுறதக் கேட்டுக்கிட்டே நான் ஓடைக்கு மேல நின்னுட்டேன், முப்பது மாடு கிழக்கால பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. அப்புறம் பாத்துக்கலாம், அவளைப் பேசச் சொல்லு," என்று ஒரு குரல். இது தங்கள் கடிதத்தில் சொல்லப்பட்ட முதல் வெளிக்குரல். பெயர் ஸ்கீட்டர், ஹெலிகாப்டர் ஓட்டுகிறவன். நான் அவனைப் பார்க்கச் சொன்னது மாட்டை.

டீகன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நாயைப் பார்த்தேன்.

அடுத்து ஸ்ட்ரிக்லண்ட், "பத்து மாசம் தனியா இருக்கணும். வீட்டு நினைப்பு வந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டார். டீகன் யோசித்துவிட்டு, "வராதுன்னு நினைக்கிறேன் சார்," என்றாள். எனக்கு அந்தப் பதிலில் ஒரு வருத்தமும் கிடையாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அப்போது ஒரு பெண் குரல், "அப்படிச் சொல்லாதே கண்ணு. கொஞ்சம் வரும்னு சொல்லு. உங்கப்பன் கேட்டுக்கிட்டு இருக்கான்ல," என்றது.

"யாரது?" என்றார் ஸ்ட்ரிக்லண்ட்.

"பக்கத்து வீட்டு பெவ் ஆன்ட்டி சார்."

"பக்கத்து வீட்டுக்காரங்க வண்டிக்குள்ள என்ன பண்றாங்க?"

"அவங்க வீட்லதான் சார் இருக்காங்க."

"எவ்வளவு பக்கம்?"

"எழுபத்தஞ்சு கிலோமீட்டர்."

ஸ்ட்ரிக்லண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பெவ் ஹாஸ்லாப் எங்களுக்கு வடக்கே இருக்கும் பண்ணைக்காரி. நல்ல மனுஷி. அவள் வாயை மூடி நான் இருபது வருஷத்தில் பார்த்ததில்லை. டீகன் அந்தப் பதிலை மாற்றிக்கொள்ளவும் இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். "ரேடியோவில ஆள் பேசுறாங்க சார், மன்னிச்சுக்கங்க. என் பதில் அதேதான். பள்ளிக்கூடத்துல பக்கத்து பெஞ்சுல ஒரு ஆளு உட்கார்ந்து நான் படிச்சதே இல்ல. முதல் தடவை அது கிடைக்கிறப்ப எனக்கு வேற நினைப்பு வராது," என்றாள். இது எனக்குப் புதுச் செய்தி. ஏழு வருஷமாக அவள் படிக்கும் அறைக்கு வெளியே நான் சேணம் தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், ஒரு நாளும் அவள் இதைச் சொன்னதில்லை.

மூன்றாவதுதான் பெரிய வில்லங்கம். இபு வுலண்டாரி தம்முடைய மொழிக்கு மாறினார். இருவரும் பத்து நிமிடம் பேசினார்கள். எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை. ஆனால் என் மகள் கையை ஆட்டிப் பேசினாள். வீட்டில் அவள் கையை ஆட்டியே நான் பார்த்ததில்லை. நம்முடைய பாஷையில் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசுகிற பெண். அந்தப் பாஷையில் அவள் வாயாடி போலிருக்கிறது. அந்த அம்மா இரண்டு தடவை சிரித்தார். பிறகு ஏதோ கேட்டார், டீகன் கொஞ்சம் தயங்கினாள். தயங்கின அந்த நொடியில் நாய் தலையைத் தூக்கியது, ரேடியோவில் ஒரு கட்டைக்குரல் அதே இந்தோனேசிய மொழியில் கடகடவென்று எதையோ ஒப்பித்தது.

அது கிளாரி மண்ட். இப்போது லாரி ஓட்டுகிறான், அதற்கு முன்னால் பதினொரு வருஷம் மாட்டுக் கப்பலில் சுரபாயாவுக்குப் போய்வந்தவன். துறைமுகத்தில் கற்ற மொழி. அவன் பேசினது எந்த அளவுக்குச் சபைக்கு ஏற்றது என்று எனக்குத் தெரியாது. இபு வுலண்டாரி திடுக்கிட்டுப் போய், பிறகு ஏதோ திருப்பிக் கேட்க, அவன் பதில் சொல்ல, இவர் கேட்க, அதற்கேற்ப நாய் தாடையை வைத்து வைத்து எடுக்க, நாலு நிமிஷம் இருவரும் சுரபாயாவில் எந்தச் சந்தில் மீட்பால் சூப் நன்றாக இருக்கும் என்று விவாதித்ததாகப் பிற்பாடு தெரியவந்தது. ஸ்ட்ரிக்லண்ட் இதற்குள் ஒரு பக்கம் எழுதி முடித்துவிட்டார். அந்தப் பக்கம்தான் எனக்குத் தாங்கள் அனுப்பிய கடிதம் என்று நினைக்கிறேன்.

கேட்கப்பட்ட கேள்வி இது: தங்கும் வீட்டில் உன்னால் சாப்பிட முடியாத ஒன்றை வைத்தால் என்ன செய்வாய்? கிளாரி சொன்ன பதில்: வாயை மூடிக்கொண்டு தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேள். இதைத்தான் தாங்கள் எடுத்துக் கொடுத்தது என்கிறீர்கள். ஆனால் அம்மா, அதற்குப் பிறகு டீகன் என்ன சொன்னாள் என்று இபு வுலண்டாரியிடம் கேட்டுப் பாருங்கள். நான் வீட்டுக்கு வரும் வழியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "மாமா, நீங்க ரொம்ப அன்பா சொன்னீங்க, நன்றி. ஆனா இது என் பரீட்சை, உங்களுது இல்ல. கொஞ்சம் ரோட்டைப் பாத்து ஓட்டுங்க," என்று கிளாரியிடம் சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம், அந்த வீட்டு அம்மாவுடன் சமையலறைக்குப் போய் அது எப்படிச் செய்வது என்று கேட்பேன், கையால் செய்த பிறகு எதையும் ஒதுக்க மனசு வராது என்று தன் பதிலைத் தானே சொல்லியிருக்கிறாள். கிளாரி சொன்னதை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததையும் எடுத்துக்கொள்ளவில்லை. பெவ் சொன்னதையும் எடுத்துக்கொள்ளவில்லை. யார் சொல்வதையும் கேட்காத பெண்ணை, எடுத்துக் கொடுத்ததைப் பேசினாள் என்று எழுதினால் எங்கள் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள்.

திரும்பி வரும்போது, "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாள். "பரவாயில்ல," என்றேன். எங்கள் குடும்பத்தில் அதற்கு மேல் யாரும் யாரையும் சொன்னது கிடையாது. இரண்டு கேட் தாண்டின பிறகு, "ரேடியோ கெடுத்துடுச்சுல்ல," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது: நாய் செய்த தவறுக்கு அவளைத் தண்டிக்க வேண்டாம். நாயை நான் கண்டித்துவிட்டேன். அது இனி வண்டியில் முன்னால் ஏறாது, பின்னால்தான். வேண்டுமென்றால் தாடை அளவோடு அதன் போட்டோவை அனுப்பிவைக்கிறேன். பெவ் சாட்சிக் கடிதம் தர ஒப்புக்கொண்டிருக்கிறாள், ஆனால் அது நீளமாக இருக்கும். டீகனை மறுபடி நேர்காணல் செய்வதானால் நான் மேட்டுக்குக் கீழே இறங்கி நிற்கிறேன், வெயிலில்.

தங்கள் பக்கம் மழை காலத்தோடு பெய்யட்டும், புயல் பக்கத்து ஊரோடு திரும்பிப் போகட்டும், தங்கள் பிள்ளைகள் தங்கள் பேச்சைக் கொஞ்சமாவது கேட்கட்டும். திரு. ஸ்ட்ரிக்லண்டுக்கும் இபு வுலண்டாரிக்கும் எங்கள் மரியாதையைச் சொல்லவும். கிளாரியும் அந்த அம்மாவுக்கு வணக்கம் சொல்லச் சொன்னான், சந்து பேர் தப்பாகச் சொல்லிவிட்டானாம்.

இப்படிக்குத் தங்கள் பணிவுள்ள,
மெர்வின் டல்லி

பின்குறிப்பு: தபால் விமானம் இறங்கிவிட்டது, விமானி இன்ஜினை அணைக்காமல் நிற்கிறான், வேறு காகிதம் எடுக்க நேரமில்லை, ஆகவே இதிலேயே எழுதுகிறேன். டீகனிடம் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். முழுதும் வாசித்தாள். வாசித்துவிட்டு, "அப்பா, ஸ்பேனர் அன்னிக்கு அம்மாகூட கேம்ப்லதானே இருந்துச்சு?" என்றாள்.

நாய் வண்டியில் இல்லை அம்மா. நாயைப் பற்றி மேலே எழுதியிருப்பதை எல்லாம் அடித்துவிடுங்கள். மைக் என் மடியில், தொப்பிக்கு அடியில் இருந்தது. பொத்தானை அழுத்தினது நான். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பொத்தான் தானாகவே நின்றுவிடும், மறுபடி விட்டு அழுத்த வேண்டும். விட்ட இடத்தில்தான் இவர்கள் எல்லோரும் உள்ளே புகுந்தார்கள். கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது. டீகனுக்கு எதுவும் தெரியாது, அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விதி மீறினது நான் ஒருத்தன்தான். பொய்யும் நான்தான் எழுதினேன். "இதை இப்படியே அனுப்பினா இடம் கிடைச்சாலும் நான் போகமாட்டேன்," என்று அவள் சொன்னதால் மட்டும் இதை எழுதவில்லை. அதுவும் ஒரு காரணம்.

லொரெல் அன்று அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் மாடு திரட்டுகிறவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். ஏழு வருஷமாகப் பெண்ணைப் பாடத்துக்கு உட்கார வைத்தவள் அவள்தான். அன்று வர முடியவில்லை, அடுப்பை ஒப்படைக்க வேறு ஆள் இல்லை. காலையில் ரேடியோவில், "அவ எப்படிப் பேசினான்னு வந்து சொல்லு," என்று மட்டும் சொன்னாள். எனக்குச் சொல்ல வராது. பரவாயில்லை என்று சொல்லியிருப்பேன். அதனால் அவளே கேட்கட்டும் என்று பொத்தானைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். அந்த இந்தோனேசியப் பேச்சில் ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் நாற்பது நிமிஷமும் ரேடியோ பக்கத்தில் நின்றிருக்கிறாள், ரொட்டி எல்லாம் கரியாகிவிட்டது. கேம்ப்பில் பத்துப் பேரும் அந்த ரொட்டியைத் தின்றார்கள், ஒருத்தனும் ஒன்றும் சொல்லவில்லையாம். விமானி கை அசைக்கிறான். டீகனை அனுப்பிவையுங்கள்.